எட்டில் ஒன்று காலியானால்

சோறு அடிப்பிடிக்கிற மணம் வந்தால், எங்கள் குசினியில் யாரோ மீகடத்தி பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார் என்று அர்த்தம். யாரோ என்ன யாரோ, என்னோடு அறையில் இருந்த அவள்தான்.

"எடி விசரி, சோறு கருகுது!"

"கருகட்டும். நீ இரசாயனக்காரிதானே, இதைச் சொல்லு. பேரியத்தைக் கொஞ்சம் கலந்த உடன ஏனடி கரண்ட் ஓடத் தொடங்குது?"

எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில். பானையை இறக்கிவைத்துவிட்டு அவளை நன்றாகத் திட்டினேன். திட்டி முடித்த பிறகு, ஏன் ஓடுகிறது என்று நானும் யோசிக்கத் தொடங்கினேன். அவளோடு இருந்த காலமெல்லாம் எனக்கு நடந்தது இதுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. புதுக்குடியிருப்புச் சந்தைக்குப் பின்னால் ஓர் ஓலைக் கொட்டிலில் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கு ரியூசன் நடந்தது. காலையில் அவள் பௌதிகம் படிப்பிப்பாள், பின்னேரம் நான் இரசாயனம். இருவரும் ஒரே பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். போரில் சனத்தோடு சனமாக இடம்பெயர்ந்து வன்னிக்கு வந்து, ஒரு வீட்டில் ஓர் அறையும் குசினியும் வாடகைக்கு எடுத்திருந்தோம். அவள் முல்லைத்தீவுக் கடற்கரையில் பிறந்த கத்தோலிக்கப் பெண். தகப்பனும் தமையன்மாரும் கடல் தொழில். என்னுடைய அம்மா வவுனியாவுக்கு அப்பால் பூவரசங்குளத்தில் அண்ணாவோடு இருந்தா. அம்மாவுக்கு முழங்கால் வருத்தம், நீண்ட தூரம் நடக்க ஏலாது. ஆகவே நான், வன்னியை விட்டு வெளியே போக இயக்கம் கொடுக்கிற பாஸை எடுத்துப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. வரைபடத்தில் பார்த்தால் பூவரசங்குளம் அப்படியொன்றும் தூரமில்லை, ஆனால் நடுவில் இயக்கம், இராணுவம் என்று இரண்டு பக்கத்துக் காவலரண்களும் இருந்தன.

அவளை ஆட்டிப்படைத்தது ஒரு கட்டுரை. வெளிநாட்டில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த எங்கள் வகுப்புத் தோழன் ஒருவன், யாரோ வந்தவரின் கையில் நகல் எடுத்துக் கொடுத்துவிட்டிருந்தான். மடித்து மடித்து மடிப்புகளில் எழுத்தே அழிந்துபோகும்வரை அவள் அதைப் படித்தாள். விசயம் இதுதான். செப்பொட்சைட்டோடு இலந்தனம் என்ற உலோகத்தின் ஒட்சைட்டையும் சேர்த்து அரைத்துச் சூளையில் சுட்டால் கறுப்பாக ஒரு கட்டி வரும். அதில் மின்சாரம் ஓடாது, ஓட்டுத் துண்டு மாதிரி. ஆனால் இலந்தனத்தில் கொஞ்சத்தை எடுத்துவிட்டு அந்த இடங்களில் பேரியத்தை வைத்துச் சுட்டு, நன்றாகக் குளிரவைத்தால், அதே கட்டியில் மின்சாரம் தடையே இல்லாமல் ஓடும், அதுதான் மீகடத்தி. இப்படி வேண்டுமென்றே இன்னொன்றைக் கலப்பதை மாசூட்டல் என்பார்கள். பேரியத்தைக் கூட்டக் கூட்ட மீகடத்தல் வலுத்துக்கொண்டு வரும். எட்டுச் செப்பணுவுக்கு ஒரு பேரியம், அதாவது எட்டில் ஒன்று என்ற அளவை நெருங்கியதும் திடீரென்று படுத்துவிடும். அந்த அளவைத் தாண்டினால் திரும்பவும் எழும்பும்.

"என்ன கோதாரியடி இது?" என்றேன். "உப்புப் போடப் போட ருசிச்சுக்கொண்டு வந்த கறி, நடுவில ஒரு இடத்தில மட்டும் சப்பெண்டு போற மாதிரியெல்லோ கிடக்கு."

"அதைத்தானடி நானும் கேக்கிறன்!" என்று துள்ளினாள்.

நான் முதலில் பிழையாகத்தான் விளங்கிக்கொண்டேன். பேரியம்தான் மின்சாரத்தைக் காவிக்கொண்டு போகிறது, ஆகவே பேரியம் கூடினால் ஓட்டமும் கூடவேண்டும் என்று வாதாடினேன். அவள் என்னை வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனாள். வீதியில் ஒருவர் மோட்டார் சைக்கிளோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அந்த நாளில் பெற்றோல் கிடைக்காது. எல்லா மோட்டார் சைக்கிளும் மண்ணெண்ணெயில்தான் ஓடியது. ஸ்ராட் பண்ண மட்டும் சின்னப் போத்தலில் இருந்து சில துளி பெற்றோலை உள்ளே பீச்சுவார்கள்.

"அந்தத் துளியிலயோ அவர் வீட்டை போய்ச் சேரப்போறார்? ஓடுறது மண்ணெண்ணெய். துளி அதை ஓட வைக்குது. பேரியமும் அப்பிடித்தான், தான் ஓடாது."

அதன்பிறகு கணக்கு என் பக்கம் வந்தது. இலந்தனம் மூன்று இலத்திரனைக் கொடுக்கும், பேரியம் இரண்டைத்தான் கொடுக்கும். ஓர் இலந்தனம் போய் ஒரு பேரியம் வந்தால் ஓர் இலத்திரன் குறைகிறது. செப்பு அணுக்கள் கட்டம் கட்டமாக அடுக்கியிருக்கும் தளத்தில் ஓர் இடம் காலியாகிறது. பேரியம் கொண்டுவந்து தருவது வெற்றிடத்தைத்தான். இதை நான் சொன்னதும் அவள் என்னைக் கட்டிப்பிடித்து, "மாதாவே, இவளுக்கு மூளை இருக்கு!" என்றாள். எனக்குச் சந்தோசம்தான், ஆனாலும் கையைத் தட்டிவிட்டேன்.

காலி இடம் என்றால் எங்களுக்கு உடனே ஞாபகம் வருவது கூட்டுறவுச் சங்கக்கடை வாசல். நிவாரணச் சாமானும் மண்ணெண்ணெயும் அங்கேதான் கொடுப்பார்கள். வரிசையில் ஆட்கள் நிற்பதில்லை, மண்ணெண்ணெய் வாங்குகிற பிளாஸ்ரிக் கான்கள் நிற்கும். விடிய வந்து கானை வைத்து, காற்றுக்கு உருளாமல் ஒரு கல்லையும் மேலே வைத்துவிட்டு, ஆள் வீட்டு அலுவல் பார்க்கப் போய்விடும். கான் நின்றால் ஆள் நிற்கிற மாதிரி. பல ஊர்ச் சனம் இடம்பெயர்ந்து வந்திருந்ததால் ஊருக்கு ஒரு வரிசை. வரிசைக்குப் பக்கத்தில் வரிசை. முன்னாலிருந்தும் பக்கவாட்டிலிருந்தும் பார்த்தால் கட்டக் கொப்பி மாதிரி இருக்கும். எல்லா இடமும் நிரம்பியிருக்கும்போது ஒரு கானும் அசையாது. யாராவது ஒருவர் கானைத் தூக்கிக்கொண்டு போனால், பின்னால் உள்ளவர் தன்னுடையதை முன்னால் அரக்குவார், அவருக்குப் பின்னால் உள்ளவரும் அரக்குவார், காலி இடம் பின்னோக்கி நகர்ந்து போகும். அங்கங்கே சில இடங்கள் காலியானால் வரிசை முழுவதும் உயிர் பெற்றுவிடும்.

இந்த மட்டும் நல்லாய்த்தான் இருந்தது. அவள் பார்த்துக்கொண்டு இருந்திருக்கலாம். இருக்கமாட்டாளே!

ஒரு நாள் காலை, எங்கள் கானை வைக்க அவளோடு நானும் போயிருந்தேன். ஆட்கள் அதிகம் இல்லாத நேரம் பார்த்து, ஒவ்வொரு வரிசையிலும் குறுக்காக ஒரே நேருக்கு நிற்கிற கானை ஒவ்வொன்றாகத் தூக்கி வேப்பமரத்தடியில் வைத்தாள்.

"எடியே, கையை வையாத! சனம் கொல்லும்!"

"திருப்பி வைச்சுவிடுவன். எது எங்க நிண்டது எண்டு எனக்கு வடிவாத் தெரியும். காலி இடமெல்லாம் ஒரே நேருக்கு வந்தால் என்ன நடக்குது எண்டு ஒருக்காப் பாப்பம்."

ஒரு கானை மட்டும் அவளால் எடுக்க முடியவில்லை. அதன் சொந்தக்காரர் யாரையும் நம்பாதவர், பக்கத்துக் கம்பத்தோடு கம்பியால் கட்டியிருந்தார். ஆகவே அந்தக் கானுக்கு அடுத்த இடத்தில் இருந்துதான் அவளுடைய நேர்கோடு தொடங்கியது.

நடந்ததை நான் இரு கண்ணாலும் பார்த்தேன். ஒருவரும் கானை முன்னால் அரக்கவில்லை. சைக்கிளோடு வந்த ஒருவர் குறுக்கே கிடந்த அந்த வெளியைக் கண்டார், சைக்கிளை அதற்குள்ளால் உருட்டிக்கொண்டு அடுத்த பக்கம் போனார். பின்னால் இன்னொருவர். பிறகு அரிசி மூட்டையோடு ஒரு அம்மா. கொஞ்ச நேரத்தில் அது பாதையாகிவிட்டது. பாதைக்கு இரண்டு பக்கத்துக் கான்களும் முன்னையிலும் பார்க்க ஒழுங்காக, ஓர் அங்குலம் அசையாமல் நின்றன. அவள் வாயைத் திறந்தபடி பார்த்துக்கொண்டு நின்றாள்.

பிறகு கான்களைத் திருப்பி வைக்கப் போனாள். அங்கேதான் வந்தது வினை.

"டீச்சர், பாதைக்குள்ள கான் வைக்காதேங்கோ!" என்றார் ஒருவர்.

"இது பாதை இல்லை. இதில கான் நிண்டது. நான்தான் எடுத்தனான்."

"ஏன் எடுத்தனீங்கள்?"

அதற்கு அவள் என்ன சொல்வாள்? "செப்பொட்சைட்டு..." என்று தொடங்கிவிட்டாள்! நான் தலையில் கையை வைத்துக்கொண்டு மரத்தடியில் இருந்துவிட்டேன். கானின் சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் இடத்தைக் காணாமல் போட்ட சத்தம் சந்தைவரை கேட்டிருக்கும். படிப்பிக்கிற பிள்ளைகள் இப்படிச் செய்யலாமா, எங்களுக்கு விசர் பிடித்துவிட்டதா என்று எல்லாரும் கேட்டார்கள். கடைசியில் அவர்களை எங்கள் வரிசையில் எங்களுக்கு முன்னால் விட்டோம். எங்கள் முறை வந்தபோது மண்ணெண்ணெய் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பல நாள் பொழுதுபட்டதும் இருட்டுக்குள் இருந்துதான் கதைத்தோம். ஆனால் என்ன கதை அது! எனக்கு அவள்மேல் இருந்த ஆத்திரம் பாதியில் காணாமல் போய்விட்டது.

"காலி இடங்கள் சிதறி இருந்தால் ஓட்டம்," என்றாள் அவள். "ஒரே கோட்டில சேர்ந்தால் கோடே நிலைச்சிடுது, மற்றதுகளும் அசையாமல் நிண்டிடுதுகள். மின்னேற்ற ஒழுங்கு எண்டு கட்டுரையில கிடக்கிறது இதுதானடி. எட்டில ஒண்டு வரேக்க கோட்டுக்கும் கோட்டுக்கும் இடையில உள்ள தூரம் அணுக்களின்ர கட்டத்தோட அச்சாப் பொருந்திடுது. பொருந்தினாப் பிறகு அசையாது."

"அப்ப கோடு கூடாததோ?"

"அது தெரியாது. நிண்ட கோடு தடுக்குது. ஆனா அசைஞ்சுகொண்டிருக்கிற கோடு ஒருவேளை உதவி செய்யுதோ என்னவோ. ஆராய்ச்சி செய்யிற ஆக்களே இன்னும் தங்களுக்குள்ள அடிபட்டுக்கொண்டு கிடக்கினம்."

"கம்பத்தில கட்டின கான்?"

 அடுத்த கிழமையும் அந்தக் கானுக்குப் பக்கத்தில்தான் பாதை தானாக விழுந்திருந்ததை இருவரும் கண்டிருந்தோம். அவள் மெதுவாகக் கேட்டாள், "செப்புக்குப் பதிலா அங்கங்க நாக உலோகத்தைப் போட்டால் என்னடி நடக்கும்? நாகம் தன்ர இலத்திரனை அரக்க விடாதெல்லே. கோடு அதில மாட்டிக்கொண்டு நிண்டிடுமோ?" நான் இருட்டுக்குள்ளேயே கொப்பியைத் தேடினேன். கேள்வி அப்படிப்பட்டது.

இதையெல்லாம் அவள் அந்தத் தோழனுக்கு எழுதி அனுப்பினாள். சில மாதங்களில் பதில் வந்தது. தன்னுடைய பேராசிரியர் அவளோடு நேரே கதைக்க விரும்புகிறார், வவுனியாவில் ஒரு கொம்யூனிகேசன் கடைக்குக் குறித்த நாளில் தொலைபேசி எடுப்பார், அவருக்குப் பிடித்தால் ஆராய்ச்சி மாணவியாக எடுத்துக்கொள்வார் என்று எழுதியிருந்தான். அவள் வாழ்க்கையில் அதற்குமுன் வந்த வாய்ப்பு ஒன்றும் இல்லை. இனி வரும் என்று நம்பவும் இடமில்லை.

போவதென்றால் பாஸ் வேண்டும். பாஸ் எடுக்க, இங்கே இருக்கப்போகிற ஒருவர் பிணை நிற்கவேண்டும். போனவர் திரும்பும்வரை பிணை நின்றவருக்குப் பாஸ் இல்லை. போனவர் வராமலே விட்டால், பிணை நின்றவர் எப்போது வெளியே போகலாம் என்று யாருக்கும் தெரியாது. அவளுடைய வீட்டு ஆட்கள் எல்லாரும் மீன் விற்கவும் வலை வாங்கவும் பாஸ் தேடுகிறவர்கள், பிணை நின்றால் அவர்களின் தொழில் படுத்துவிடும். நான் போய்க் கையெழுத்து வைத்தேன்.

வரும் வழியில் அவளிடம் சொன்னேன், "இடம் கிடைச்சால் அப்பிடியே கொழும்புக்கு ரயில் ஏறு. இஞ்சால திரும்பிப் பாக்காத."

"விசர்க்கதை கதையாத. உன்ர அம்மா?"

"அம்மாவை நான் பாக்கிறன். நீ உன்ர அலுவலைப் பார்."

அவள் போனபிறகு பௌதிக வகுப்பையும் நானே எடுத்தேன். கேள்வி கேட்கிற பிள்ளைகளை "இதெல்லாம் சோதினைக்கு வராது, பேசாமல் இரு" என்று அடக்கினேன். பாஸ் முடிகிற நாள் நெருங்க நெருங்க, அவள் வரக்கூடாது என்று கும்பிட்டேன். உண்மையைச் சொன்னால், வரவேண்டும் என்றும் கும்பிட்டேன். அந்த அறையில் தனியே இருக்க எனக்குப் பயமாக இருந்தது.

முடிகிற நாளன்று பின்னேரம் படலை திறக்கிற சத்தம் கேட்டது. தலையெல்லாம் செம்மண் புழுதியோடு அவள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள்.

"கிடைக்கேல்லையோ?" என்று கேட்டேன்.

"கிடைச்சது."

"என்ன?"

"எடுக்கிறாராம். அடுத்த வருசம் தொடக்கத்தில வரச்சொன்னார். கானுகளைப் பற்றிச் சொன்னனான், மனுசன் கதைக்கவே இல்லை. கடைக்காரர் லைன் அறுந்துபோச்சு எண்டு ரிசீவரைப் பறிக்க வந்திட்டார். பிறகுதான் அந்தப் பக்கத்தில இருந்து சிரிப்புக் கேட்டுது. கம்பத்தில கட்டின கானைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்டார்."

"அப்ப ஏனடி வந்தனீ?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டில் எட்டிப் பார்த்தார்கள். "ஏனடி வந்தனீ, சனியனே! நான் படிச்சுப் படிச்சுச் சொன்னனானெல்லோ!"

அவள் கிணற்றடியில் போய்க் கால் கழுவினாள். திரும்பி வந்து கதிரையில் இருந்தாள்.

"உன்ர அம்மாட்டப் போனனான். உன்னைப் பற்றிச் சொல்லிப்போட்டு ரயிலேறுவம் எண்டுதான் போனனான். புட்டும் மீன் குழம்பும் தந்தவா. எனக்கு அலுவல் சரிவந்ததோ எண்டு கேட்டவா, ஓம் எண்டன், சந்தோசப்பட்டவா. பிறகு, மகள் எப்ப வருவாள் எண்டு கேட்டவா.  அந்த மனுசியின்ர முகத்தைப் பாத்தாப் பிறகு எப்பிடியடி ரயில் ஏறுறது?"

நான் அழுதேன். அழுதுகொண்டே திட்டினேன். அவளும் அழுதாள்.

அன்றைக்கே ஒரு முடிவுக்கு வந்தோம். அடுத்த வருடத்துக்கு இன்னும் காலம் இருந்தது. முதலில் அவள் எனக்குப் பிணை நிற்பாள், நான் போய் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவேன். அதன்பிறகு அவள் போவாள், நான் பிணை.

பூவரசங்குளத்தில் அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இரண்டு நாள் இழுத்தடித்தேன். கடைசியில் குசினியில் அவா மரக்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது சொன்னேன். அவள் போனால் திரும்பமாட்டாள், அவள் திரும்பாவிட்டால் எனக்குப் பாஸ் இல்லை, இனி எப்போது வருவேன் என்று தெரியாது.

அம்மா கத்தியை நிறுத்தவில்லை. "அந்தப் பிள்ளை என்ன படிக்கப் போகுது?" என்று கேட்டா.

எனக்குத் தெரிந்த மட்டும் சொன்னேன். பேரியம், காலி இடம், எட்டில் ஒன்று, சங்கக்கடையில் நடந்த கூத்து. அம்மா அந்தக் கூத்துக்குச் சிரித்தா.

"அதால ஆருக்கு என்ன பிரயோசனம்?"

"இன்னும் வடிவாத் தெரியாதம்மா. சரிவந்தால் கரண்ட் கொஞ்சமும் வீணாகாமல் போகும்."

"இஞ்ச கரண்டே இல்லை, அதுக்குள்ள வீணாகாமல் போறதாம்," என்றா அம்மா. கொஞ்சம் பொறுத்து, "ஏன் அப்பிடி நடக்குது எண்டு அந்தப் பிள்ளைக்கு அறியவேணும் போல கிடக்கு, என்ன?" என்று கேட்டா.

"ஓமம்மா."

"போகட்டும்."

வெளிக்கிடும்போது படலைவரை மெல்ல மெல்ல நடந்து வந்தா. என் கையைப் பிடித்தவா விடவே இல்லை. பஸ் போய்விடும் என்று அண்ணா அவசரப்படுத்தினார். நான்தான் அந்த விரல்களை ஒவ்வொன்றாக விலக்கவேண்டியிருந்தது.  பஸ்ஸிலிருந்து இறங்கித் திரும்பி ஓடலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் அந்தப் பக்கம் என்னுடைய பிணைக்கு அவள் இருந்தாள்.

திரும்பி வந்து இரண்டு கிழமைக்குள் இருவரும் பாஸ் கொடுக்கிற கந்தோருக்குப் போனோம். அவள் மர வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தாள். மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணாடி போட்ட, மெலிந்த ஒரு புது ஆள். என் விவரங்களைப் பார்த்தார்.

"இப்பதானே டீச்சர் நீங்கள் அம்மாவைப் பாத்திட்டு வந்தனீங்கள்?"

"ஓம்."

"இவாவுக்கு நீங்களோ பிணை? இவா திரும்பி வருவாவோ?"

ஓம் என்று சொல்லத்தான் வந்திருந்தேன். பொய் சொல்வது எனக்கு அப்படியொன்றும் கஷ்டமான காரியமும் இல்லை. ஆனால் அம்மாவின் முகத்தையும் பக்கத்தில் இருந்தவளின் முகத்தையும் நினைத்தபோது எனக்கு அந்தப் பொய் வாயில் வரவில்லை.

"வரமாட்டா," என்றேன்.

அவள் என் சீலையைப் பிடித்து இழுத்தாள். அவர் பேனையை மேசையில் வைத்தார்.

"தெரிஞ்சுகொண்டோ பிணை நிக்கிறியள்?"

"ஓம்."

"அப்ப அம்மா?"

"அம்மாட்டச் சொல்லிப்போட்டுத்தான் வந்தனான்."

 அவர் தாளை என் பக்கம் திருப்பி, எங்கே கையெழுத்து வைக்கவேண்டும் என்று விரலால் காட்டினார்.